கணப்புக்கு அருகில்

நகரத்துப் பள்ளிகள் எங்களை வெளியே நிறுத்திய
அந்த இலையுதிர் காலத்தில்
டெவென்டரில் ஒரு தோல் கிடங்கின் மாடி
பள்ளிக்கூடம் ஆயிற்று.
நோட்டெல்லாம் பச்சைத்தோல் வீச்சம்;
பையை வாசலிலேயே மாட்டச் சொல்வாள் அம்மா.
கரும்பலகை கிடையாது.
யாரோ ஒரு கதவைக் கழற்றிக் கொடுத்தார்கள்.
இரண்டு கை கறுப்புச் சாயம் பூசியும்
சாவித் துவாரம் மட்டும் அடைபடவில்லை.
ஹார்டோக் தினமும் அதில் கண்ணை வைப்பான்.
"என்ன தெரியுது?"
"செங்கல்" என்பான், கரை கண்ட மாலுமியின் குரலில்.

கணக்குக்கு டாக்டர் பாக்ராக்.
போன வருடம் வரை லைடனில்
சனியின் வளையங்களை அளந்துகொண்டிருந்தவர்.
வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள்;
எங்களுக்கு வகுத்தல் சொல்லித்தர வந்துவிட்டார்.
பத்து வயதுப் பொடிசுகளைப் பார்த்து
"ஆகவே, சீமான்களே, சீமாட்டிகளே" என்றுதான் தொடங்குவார்.
முதல் வாரம் சிரித்தோம்.
இரண்டாம் வாரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தோம்.

பெஞ்சு அகரவரிசைப்படி.
நான் ஸெண்டைக். இருக்கிற எழுத்திலேயே கடைசி எழுத்து.
கணப்பு முன்னால், நான் உடைந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்.
மைப்புட்டியைக் கக்கத்தில் இடுக்கி இளக்குவேன்.
முதல் பெஞ்சில் ஃப்ளோர்ட்யே அந்த்ரீசே
கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
"அப்பப்பா, என்ன புழுக்கம்!" என்று
வேண்டுமென்றே என்னைத் திரும்பிப் பார்த்து விசிறிக்கொள்வாள்.
அவள் இடம் எனக்கு வேண்டும் என்று
கடவுளிடம் கேட்டேன்.
பிழையில்லாத எபிரேயத்தில்.

முப்பத்தொன்றை நான்கால் வகு.
ஈவு ஏழு, மீதி மூன்று.
"மீதியை விழுங்கிவிடாதே, சிபோரா.
சின்ன எண்தான். ஆனாலும் எழுது."

மே மாதம் மஞ்சள் துணி தைத்துக்கொண்டு வந்தோம்.
ஜூலையில் சைக்கிள்கள் போயின.
கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது இருபத்திரண்டு பேர்.
அக்டோபரில் ஓர் இரவுக்குப் பிறகு பதினொன்று.
இடைவெளி விட்டு உட்காரக் கூடாது,
நிலக்கரி குறைவு என்றார் தலைமையாசிரியர்.
நகர்ந்தோம்.
திங்கள்தோறும் ஒரு பெஞ்சு முன்னால்.
வகுத்தவர்கள் வகுத்துக்கொண்டே போனார்கள்;
அவர்கள் கணக்கில் ஈவும் இல்லை, இரக்கமும் இல்லை.
ஹார்டோக் போனது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால்
அன்று யாரும் "செங்கல்" என்று சொல்லவில்லை.

ஜனவரியில் முதல் பெஞ்சு எனக்கு வந்தது.
பலகையில் ஃப்ளோர்ட்யே கீறிய படகு,
பாய்மரம் பாதிவரை.
முழங்கால் சூடேறியது. விரல் மடங்கியது. மை ஓடியது.
நன்றாக இருந்தது.
இத்தனை வருடம் சுற்றி வளைத்து
இதைத்தான் சொல்ல வந்தேன்:
நன்றாக இருந்தது.

இன்றும் உணவு விடுதியில்
கணப்பருகே மேசை காட்டினால்
கதவோரம் போதும் என்பேன்.
அங்கே குளிருமே என்பார்கள்.
ஆமாம் என்பேன்.

பிறகொரு காலை டாக்டர் பாக்ராக் வரவில்லை.
நாங்கள் மூன்று பேர்.
கணப்பில் நேற்றைய சாம்பல்.
லேவி சாக்குக்கட்டியை எடுத்துக் கதவில்
"ஆகவே" என்று எழுதினான்.
அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.
பத்தரை வரை காத்திருந்தோம்.
யாரும் போகச் சொல்லாமல் எப்படிப் போவது?

மற்ற இருவரும் படி இறங்கிய பிறகு
நான் மட்டும் திரும்பி வந்தேன்,
கையுறையை மறந்ததாகச் சொல்லி.
குதிகாலைத் தூக்கி
துவாரத்தில் கண் வைத்தேன்.

செங்கல்.
காரை உதிர்ந்த மூலையில்
காலை மடக்கிக்கொண்ட ஒரு சிலந்தி.
இதை ஹார்டோக் சொன்னதே இல்லை.

சத்தமாகத்தான் சொன்னேன்.
அந்தக் குரல் வரவில்லை.