ஒன்று 'சி', குதைபியா

வாடகை இருநூற்று நாற்பது தினார்,
கரண்டும் தண்ணீரும் அதிலேயே, என்றார் லத்தீஃப்.
வில்லாவை நாலாகக் கூறுபோட்டு
நாலுக்கும் தனித்தனி வாசல் வைத்திருந்தார்கள்.
இவர் ஏசியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் சமையலறைக்குள் போனேன்.
போனவள் அப்படியே நின்றேன்.

வெள்ளை டைல்ஸ் என் தோள் வரை.
அப்போது தலைக்கு மேல் போயிருந்தது.

யாரோ ஒரு அரபி வாடகைக்கு விட்ட வீட்டில்
பெயர்ப்பலகை மாட்டி நடந்த பள்ளிக்கூடம்.
ஹாலில் கேஜி. பால்கனி வைத்த படுக்கையறை ஒன்று 'ஏ',
அவர்களுக்குக் கொஞ்சம் திமிர்.
குளியல்தொட்டி நிறைய சாக்பீஸ் பெட்டி,
அதற்கு மேல் ஒரு பூமி உருண்டை,
எப்போது எட்டிப்பார்த்தாலும்
பசிபிக் பக்கத்தையே காட்டிக்கொண்டு.
நாங்கள் ஒன்று 'சி'. சமையலறை.
முப்பத்தோரு பேர்.

சிங்க்கை மறைத்துக் கரும்பலகை.
பின்னால் மூட வராத குழாய்
சொட்டிக்கொண்டே இருக்கும்.
மிஸஸ் லோபோ கூட்டல் போடச் சொன்னால்
கை தானாகச் சொட்டுகளை எண்ணி எழுதிவிடும்.
அனில்டா ஃபெர்னாண்டஸ் மட்டும் நூற்றுக்கு நூறு.
அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கழற்றிய வட்டத்தில் ஒரு புறா.
அதையும் ரெஜிஸ்டரில் சேர்க்க வேண்டும் என்று
எழுந்து நின்று கேட்டவன் பிஜோய் குரியன்.
வாயில் விரல் வைத்து நிற்கச் சொன்னார்கள்.
நின்றான், புறாவைப் பார்த்தபடி.

வசுமதி என்பதால் நான் கடைசி. முப்பத்தொன்று.
மழை விடுமுறை அறியாத ஊரில்
மணற்காற்று வீசிய ஒரு வாரம் கழித்து
நான் முப்பது ஆனேன்.
ஹஸீனா கமருதீன் வரவில்லை.
'அவங்க வாப்பாவுக்கு கேன்சல்' என்றார்கள்.
சிவப்புப் பேனா, அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
கேன்சல் என்பது
அம்மை மாதிரி ஒரு நோய் என்று நினைத்திருந்தேன்.
அம்மை வந்தவர்கள்
தழும்போடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.
இது அப்படி இல்லை.

இருபத்தெட்டு. இருபத்தேழு.
செந்தூரன் கனடா போனான்.
அவன் போன இடம் எப்படி இருக்குமென்று
அன்று மாலை ஃப்ரீஸரில் கையை வைத்து
விரல் மரக்கும்வரை பார்த்தேன்.
அம்மாவிடம் அடி வாங்கினேன், ஐஸ்கிரீம் திருடியதாக.

சுவரில் கேஸ் குழாய் போக ஒரு துளை உண்டு,
எங்கள் பெஞ்சுக்கு நேரே.
பென்சில் முனை, பேரீச்சங்கொட்டை,
பத்து ஃபில்ஸ் காசு ஒன்று,
எல்லாம் அதற்குள் போகும், எதுவும் வெளியே வராது.
பிஜோய் தன் ரப்பரில் பாதியைக் கடித்து
எனக்குத் தந்தான்.
மீதியைத் துளைக்குள் தள்ளிவிட்டு
'லீவு முடிஞ்சு வந்து எடுத்துக்கலாம்' என்றான்.
ஜூனில் நான் இருபத்தாறு.
செப்டம்பரில் இருபத்திரண்டு.

பிறகு எங்கள் வீட்டுக்கும் அந்த வார்த்தை வந்தது.
அட்டைப்பெட்டிகளில் அப்பா
பெரிய எழுத்தில் எங்கள் முகவரியை எழுதினார்.
என் பெயர்மேல் கோடு விழுந்ததை
நான் பார்க்கவில்லை.
எனக்குக் கீழே யாரும் இல்லாததால்
யாருக்கும் எண் மாறியிருக்காது.

துளையைத் தேடினேன்.
வெள்ளை சிமெண்ட் பூசி, டைல் நிறத்துக்குத் தேய்த்து,
தெரிந்தவர் தடவினால்தான் தட்டுப்படும் மேடு.
விரலால் அழுத்தினேன்.
கெட்டியாக இருந்தது.
குழாயைத் திறந்து மூடினேன்.
நன்றாக மூடுகிறது.

'பிடிச்சிருக்கா?' என்றபடி இவர் வந்தார்.
லத்தீஃப் நோட்டைப் பிரித்துப் பேனாவை உதறி
'ஆள் எத்தனை?' என்றார்.

முப்பத்தொன்று, என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
'கும்பலாத் தங்கறதுக்கெல்லாம் குடுக்கறதில்ல மேடம்.
முனிசிபாலிட்டிக்காரன் வந்தா
கரண்டைக் கட் பண்ணிடுவான்.'