மானின் நக்கல்

இஸ்மத் ஏலத்தில் எடுத்த பாய்ப்படகுக்கு
உடம்பில் ஒரு குறையுமில்லை.
வெள்ளை இன்னும் வெள்ளைதான்.
ஓரங்கள்தான் போயிருந்தன:
யன்னல்களைச் சுற்றின பிளாஸ்ரிக் சட்டம்,
இடுப்பைச் சுற்றி ஓடும் முட்டுப்பட்டி,
எல்லாம் திருநீறு பூசினமாதிரி.
தொட்டேன். விரல் சாம்பலாயிற்று.

நான் அனுராதபுரச் சந்தியில்
ஆட்டோ பம்பருக்குப் பெயின்ற் அடிக்கிறவள்.
"அதுவும் பிளாஸ்ரிக், இதுவும் பிளாஸ்ரிக்தானே அக்கா" என்றான்.
பம்பர் கடலைக் கண்டதில்லை என்று நான் சொல்லவில்லை.
அந்த மாதம் கடை வாடகை நிலுவையில் இருந்தது.

முதல் பூச்சு நிற்கவில்லை.
மூன்றாம் நாள் நகத்தால் கிள்ளினேன்,
வெயிலில் காய்ந்த முதுகுத்தோல் உரிகிறதுபோல்
ஒரே இழுவையில் ஒரு முழம் வந்தது.
அடியில் ஏதோ வழுக்கியது.
மணந்து பார்த்தேன்.
தேங்காயெண்ணெய்.

ஏலத்தன்று கறுகறுவென்று மின்னினதாம்.
மின்னாமல் என்ன செய்யும்!
சொன்னேன். இஸ்மத் கொஞ்சநேரம்
உட்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"என்ர தலைக்கும் அதைத்தான் வைக்கிறன்" என்றான் பிறகு.

சட்டங்களைக் கழற்றினோம்.
துருவேறிய ஆணி எழுபத்திரண்டு, உடைந்தது ஒன்பது.
கோட்டை வீதியில் அவன் மச்சான் வீட்டு வளவில் பரப்பி
சட்டி கழுவும் சவர்க்காரம் போட்டு, உப்புத்தாள் பிடித்து,
சாம்பல் தண்ணீர் தெளியும்வரை தேய்த்தேன்.
உப்பைக் கழற்ற உப்புத்தாள்.
யார் வைத்த பேரோ, நல்லாய்த்தான் வைத்திருக்கிறார்.

இரவு அப்படியே காயவிட்டு வந்தேன்.
விடிய வந்து பார்த்தால்
நாலாவது சட்டத்தில் ஒரு நீள நக்கல்.
ஈரம் காயவில்லை. நக்கின இடம் மட்டும் கறுப்பு,
படகு புதிதாய் வந்திறங்கின நாளின் கறுப்பு.
மண்ணில் சின்னக் குளம்புகள்.
கோட்டை மான், ரோட்டு மான்,
பஸ்ஸுக்கும் ஒதுங்காத மான்,
உப்புக்கு வந்திருக்கிறது.
கழுவினது போதாது என்று
வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

மற்றவற்றை விட்டேன். அதை மட்டும்
இன்னொருமுறை கழுவினேன், திருகாணித் துளைகளுக்குள்ளும்
பழைய பல்லுத்தூரிகை விட்டுக் குடைந்து.
அன்றிரவும் எல்லாவற்றையும் வெளியே வைத்தேன்.
மச்சான் சிரித்தார், "மானுக்குச் சாப்பாடோ?"

காலையில் குளம்படி இருந்தது,
ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்கத்தில் நின்று நின்று போன குளம்படி.
நக்கல் ஒன்றுமில்லை.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
சாரதியின் காலடியில் வந்த அடிப்பூச்சைத் திறந்தேன்.
பத்து மணிக்குக் கச்சான் எழும்பும், எழும்பினால் மண்;
நாலரைக்குத் தொடங்கி
மெல்லிசாய் ஒன்று, பொறுத்து ஒன்று,
பிறகு கறுப்பு, மெல்லிசாய், மெல்லிசாய்.
அவசரப்பட்டால் வடியும். வடிந்தால் கண்ணீர்மாதிரித் தெரியும்,
படகுக்கு அது வேண்டாம்.

பூட்டி முடித்த பின்னேரம்
இஸ்மத் தள்ளி நின்று பார்த்தான்.
கிட்ட வந்து பார்த்தான்.
"சுகிர்தா அக்கா, ஓரம் நல்லாயிருக்கு.
ஆனா இப்ப உடம்பு கிழண்டினமாதிரித் தெரியுதே."

தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.
கறுப்புக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை
சோறு வடித்த கஞ்சியின் நிறமாய் இருந்தது.

"எத்தனை காலம் நிக்கும்?"
"ரெண்டு கச்சான். மூன்றாவதுக்குக் கூப்பிடு."
"உடம்புக்கு எவ்வளவு?"

தின்னரில் கை கழுவிக்கொண்டே
ஒரு விலை சொன்னேன்.
இஸ்மத் மறுபடி கடலைப் பார்க்கத் தொடங்கினான்.