ஆறு

செக்காலை ரோட்டில், செருப்புக்கடை மாடியில் லேப்.
நான் ரத்தம் எடுக்கிறவள். படித்தது அவ்வளவுதான்.
மீதியெல்லாம் காகிதம் பார்த்துப் பார்த்து வந்தது.

புதுவயல் அரிசி ஆலையில் கணக்கெழுதும் வயிரவன்
மனைவியின் ரிப்போர்ட்டைக் கடைசி வரியிலிருந்து படித்தார்.
"இன்டர்லூக்கின் ஆறு, எண்பத்து நாலு.
ஏழுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கே.
கூடுனா நல்லதா, கெட்டதா?"

ஆறே ஓடாத சீமையில்
ஆறு கூடினால் நல்லதா என்கிறார்.

தபால் என்றேன்.
விரலை அறுத்துக்கொண்டால் உடம்பு போடுகிற தபால்:
இங்கே கிழிந்திருக்கிறது, ஆள் அனுப்பு, ரத்தக்குழாய் இழு.
புண் ஆறியதும் எழுதுவது நின்றுவிடும்.
உமையாளின் சிறுநீரகக் கட்டி
ஆறாத புண்ணாக நடிக்கிறது.
அதே முத்திரை, அதே அவசரம்.
கொத்தனார்கள் வந்திறங்கி
யார் வீடென்று கேட்காமல் கட்டிக்கொடுக்கிறார்கள்.
அவர் இளைப்பது அந்தக் கூலியில்தான்.

"கள்ள உண்டியல்" என்றார் வயிரவன்.
"கையெழுத்து நிசம். கணக்குப் பொய்."

மாசியில் மதுரையில் மருந்து ஏற்றினார்கள்,
உறங்கும் வெள்ளணுக்களை உலுக்கி எழுப்புகிற மருந்து.
மூன்றாம் தடவைக்குப் பிறகு
ராத்திரி பதினொன்றுக்குப் போன்.
"நூத்தி மூணு அடிக்குது. முழிச்சிருச்சோ?"
குரலில் இருந்தது பயமா சந்தோஷமா,
எனக்குப் பிடிபடவில்லை.
எழுந்தவை ஒன்றையொன்று கூவி அழைக்கும் சூடாக இருக்கலாம்.
கூச்சல் அளவு மீறினால்
நுரையீரலில் நீர் கோத்துவிடும்.
விடியட்டும் என்று இருக்காதீர்கள்,
இப்போதே காரை எடுங்கள் என்றேன்.

ஸ்டீராய்டுக்கு அடங்கவில்லையாம்.
ஆறைக் கேட்கிற காதுகளைப் பொத்தும்
ஊசி ஒன்று போட்டார்களாம்.

பத்து நாள் கழித்து
உமையாளே படியேறி வந்தார், நடுவில் ஒருமுறை நின்று.
இடது கையில் நரம்பு சிக்கவில்லை. வலதில் குத்தினேன்.
சாயங்காலம் முடிவு வந்தது: முந்நூற்றுப் பத்து.

வயிரவனின் முகம் போன போக்கைப் பார்த்து
அவசரமாகச் சொன்னேன்:
காது பொத்தியிருக்கிறது,
பிரிக்க ஆளில்லாத தபால் வாசலில் குவிகிறது.
இந்த எண் இப்போது எதையும் சொல்லாது.
கட்டி சுருங்கியதா என்பது
ஸ்கேனுக்குத்தான் தெரியும். அது சித்திரையில்.

பாக்கெட் நோட்டை எடுத்தார்.
முந்நூற்றுப் பத்தை
வரவிலும் வைக்காமல் செலவிலும் வைக்காமல்
நடுக்கோட்டின் மேலேயே எழுதினார்.

"கீழ இட்லி கிடைக்குமா?" என்றார் உமையாள்,
மூன்று மாதத்தில் முதல் தடவையாக,
பஞ்சு ஒட்டிய கையால் கைப்பிடியைத் தேடியபடி.