ஏழாம் எண்

அல்நிஃப்பிலிருந்து ரிஸ்ஸானி போகும் சாலையில்
பழைய டயர் ஒன்றில் வெள்ளையடித்து எழுதியிருக்கும்:
மியூசியம், நூறு மீட்டர்.
அது என் அண்ணன் பாஸ்ஸூவின் கணக்கு.
நடந்தால் நானூறு வரும்.
வெயிலில் இன்னும் கூடும்.

சீட்டு பத்து திர்ஹாம். கிழித்துக் கொடுப்பது நான்.
சில்லறை இல்லாதவர்கள்
தேநீர் குடித்துவிட்டு யோசிக்கலாம்.

முதல் அறையில் கனிமங்கள்.
வனடினைட்டை மாதுளை என்கிறார்கள் எல்லோரும்.
எனக்கு அது
ஊசி குத்திய விரலில் எட்டிப் பார்க்கும் ரத்தம்.
மணல் ரோஜாக்கள் ஏராளம்;
பெரியதாக ஒன்றை எடுத்துக்
கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறோம்.

இரண்டாம் அறை, கடல்.
நான் கடல் பார்த்ததில்லை.
‘இங்கே கடல் இருந்தது’ என்று
பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் முகம் மாறாமல் சொல்வேன்.
எங்கள் மொழியில் சொன்னால் மட்டும்
சிரிப்பு வந்துவிடுகிறது.
ட்ரைலோபைட் ஒன்று சுருண்டு கிடக்கிறது,
எதற்கோ பயந்தவாறே,
நாற்பது கோடி வருஷமாக.
உயிரோடு இருந்தபோதே
அதற்குக் கண் கல்தான்.

மூன்றாம் அறை சிறியது. ஒரே அலமாரி.
மேலே அம்மாவின் கையெழுத்து:
‘எங்கள் வீட்டில் செய்த போலிகள்.’

பதினொரு வருஷம் செய்தார் அப்பா.
கார் டிங்கரிங் பசை, கல்தூள்,
கறுப்பு ஷூ பாலிஷ், கடைசியில் ஒரு கை தேயிலைத் தண்ணீர்.
முதுகில் முள் இருபத்திரண்டு, எல்லாம் கம்பி.
அசலுக்கு முள் உடைந்திருக்கும்.
அப்பாவுடையதற்கு உடையாது.
அதனால் விலையும் அதிகம்.
கிணறு அதில் வெட்டியது.
கூரை அதில் போட்டது.
நான் படித்ததும் அதில்தான்.

ஏமாந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.
வந்தது ஒரு நன்றிக் கடிதம்.
பெல்ஜியத்தில் ஒரு பையன்,
பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறான்,
கையில் அப்பாவின் ட்ரைலோபைட்,
முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு.
அன்று கம்ப்ரஸரை நிறுத்தியவர்
மறுபடி அதற்கு டீசல் ஊற்றவில்லை.

போன பங்குனி வெயிலில்
பான் நகரத்திலிருந்து வால்ட்ராவுட் அம்மையார் வந்தார்,
லென்ஸ், விளக்கு, சூடாக்கிய ஊசி சகிதம்.
ஒவ்வொன்றாகக் குத்தி முகர்ந்தார்.
பிளாஸ்டிக் நாற்றம், பிளாஸ்டிக் நாற்றம், பிளாஸ்டிக்.
ஏழாம் எண்ணில் ஊசி வழுக்கியது.
நாற்றமில்லை.
‘ஹத்தூ, இது நீங்கள் செய்ததல்ல.’

‘நான்தான் செய்தேன்’ என்று சாதித்தார் அப்பா.
அன்று ஜெனரேட்டர் நின்றுபோனதாம்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இடப்பக்க முட்களை விடியும்வரை முடித்தாராம்.
‘அன்று நீ கழுவத்தான் கழுவியிருப்பாய்’
என்றாள் அம்மா, ரொட்டி மாவு பிசைந்தபடி.

திருப்பிப் பார்த்தோம்.
அவர் செய்த எல்லாவற்றின் அடியிலும்
கட்டைவிரல் நகத்தின் பிறை இருக்கும்.
இதில் இல்லை.
‘அவசரத்தில் மறந்திருப்பேன்.’

நாற்பதாயிரம் திர்ஹாம் என்றார் அம்மையார்.
பாஸ்ஸூ வாசலுக்குப் போய்
டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
அப்பா தலையாட்டவில்லை.
போலியை இனி விற்பதில்லை என்று
சத்தியம் செய்திருக்கிறாராம்.

அசல் அறைக்கு மாற்றலாம் என்றேன்.
என் கை வேலை அங்கே எதற்கு என்கிறார்.
கடைசியில் புதிய அட்டை எழுதினேன்:
‘எண் ஏழு. வழக்கு நடக்கிறது.’

வருகிறவர்கள் அதன் முன்தான் நெடுநேரம் நிற்கிறார்கள்.
ஒரு ஸ்பானியக் கிழவர்
இரண்டு முறை சீட்டு வாங்கினார்.

அப்பாவும் இப்போது சீட்டு வாங்கித்தான் போகிறார்,
மாலையில், கூட்டம் கலைந்த பிறகு.
பத்து திர்ஹாமை எண்ணி வைப்பார்.
வெளியே வரும்போது
வலது கட்டைவிரல் நகத்தைப்
பார்த்துக்கொண்டே வருவார்.
நான் மீதிச் சீட்டுகளை எண்ணுவேன்.