பதிமூன்றாம் நறுக்கு

களக்காட்டுப் பேருந்தில் மடியில் ஒரு பை:
லென்ஸ், பிளேடு, மண் சோதிக்கும் மீட்டர்,
மூன்று ஜிப் கவர்.
படிவத்தில் 'விவசாயியின் பராமரிப்புக் குறைபாடு' என்ற கட்டத்துக்குள்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறார்
மேலாளர் டேனிசன்.
அதன்மேல் பேனாவை ஓட்டுவதுதான் என் வேலை.

மாசானமுத்துவின் வயல்
பச்சையாற்றுக் காலுக்குத் தெற்கே.
வைத்து ஏழு மாதம்.
ஆளை மறைத்திருக்க வேண்டிய ஏத்தன்
என் இடுப்புக்கு வந்து நின்றுவிட்டது.
இலைக்கும் இலைக்கும் விரற்கடை இடமில்லை,
டவுன் பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி
ஒன்றின் தோளில் ஒன்று.
வேலிக்கு அந்தப் பக்கம்
கிழங்குக் கன்று வைத்த செய்யது மீரானின் ஏத்தன்
பூத் தள்ளி, முட்டுக்கம்பு கேட்கிறது.

"நாந்தாம்மா கெடுத்துட்டேன்" என்று ஆரம்பித்தார்.
"ஐப்பசியில மழை விடல, பொட்டாஷ் வைக்கல.
மோட்டார் ஒரு வாரம் ரிப்பேரு.
நட்டதும் செவ்வாக்கெழம."
குற்றப்பத்திரிகையைத் தானே வாசித்துவிட்டு
துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்.

முதலில் முடிக்கொத்தா என்று பார்த்தேன்.
காம்பின் வெள்ளைப் பொடியைக் கட்டைவிரலால் துடைத்து
வெயிலுக்கு நேரே பிடித்தால்
கரும்பச்சையில் புள்ளியும் கோடும் தெரியும்,
தந்தி அடித்த மாதிரி.
தந்தி எதுவும் வரவில்லை.
வேரை நீளவாக்கில் கீறினேன்.
நூற்புழு தின்றிருந்தால் செம்பழுப்பாய்க் கறை இருக்கும்.
வேர் வெள்ளை, தேங்காய்ச் சில்லு வெள்ளை.
மண் ஆறு புள்ளி எட்டு.
பொட்டாஷ் பஞ்சமென்றால் அடியிலை ஓரம் கருகும்,
கருகவில்லை.
இவ்வளவு ஆரோக்கியமான குட்டையை
நான் பார்த்ததே இல்லை.

பிறகு வரிசைகளை எண்ணினேன்.
நான்கு வரிசை நல்ல உயரம்.
ஐந்திலிருந்து பதினொன்றுவரை குட்டை.
பன்னிரண்டில் மறுபடி உயரம், வெட்டி வைத்தாற்போல.
நோய்க்கு இப்படி வரிசை பிடித்து நடக்கத் தெரியாது.
இது தட்டுக் கணக்கு.
லாரியிலிருந்து எந்தத் தட்டை எப்போது இறக்கினாரோ
அந்தக் கணக்கு.

பம்புசெட் ஜன்னல் கம்பியில் தட்டுச்சீட்டைச் செருகியிருந்தார்.
"பில்லு மாதிரி இருந்துச்சு, தூரப் போட மனசில்ல."
ஏத். 7 / 13.
ஏழின் காலில் குறுக்குக்கோடு போடுவது
ஆய்வகத்தில் நான் ஒருத்திதான்.

எட்டோடு நிறுத்த வேண்டும்.
எட்டைத் தாண்டியது வைகாசி நடவு ஆர்டருக்காக.
கண்ணாடிக் கூண்டுக்குள் நீலத் தீயில் பிளேடைச் சுட்டு
ஒரு குருத்தை நாலாக்கி, நாலைப் பதினாறாக்கி,
மாதம் ஒருமுறை,
ஒன்பது, பத்து.
பதினொன்றில் குப்பிக்குள் இலை கொஞ்சம் தடித்துத் தெரிந்தது.
தெரிந்தது.
டீ வந்தது. குடித்துவிட்டு வந்து நறுக்கினேன்.

"செவ்வாக்கிழமை இல்ல" என்றேன்.
"பொட்டாசும் இல்ல. கன்னுலயே கோளாறு. நறுக்குனது கூடிப்போச்சு."
"யாரு நறுக்குனா?"
மயில் ஒன்று வாய்க்காலுக்குள் இறங்குவதை
இரண்டு பேரும் பார்த்தோம்.
"நான்தான்."

கத்துவார் என்று பையின் வாரைப் பிடித்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு.
"சரி, பக்கக்கன்னு நெறய விடுது பாத்தியளா.
அத எடுத்து வச்சா அடுத்த போகம் சரியாயிருமா?"
ஆகாது.
இதன் பிள்ளையும் இதேதான்.
அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்துக்குள்
கரண்ட் போய் மோட்டார் நின்று
குழாயில் மிச்சத் தண்ணீர் சொட்டி முடித்தது.

திரும்பும் பேருந்தில் படிவத்தை விரித்தேன்.
ரப்பர் இல்லை. பென்சில் புள்ளியை எச்சில் தொட்டு அழித்ததில்
காகிதம் கொஞ்சம் கிழிந்தது.
காரணம்: பதிமூன்று.
ஜிப் கவருக்குள் இலைத்துண்டு இன்னும் மூச்சு விடுகிறது,
உள்பக்கம் பனித்துச் சொட்டுகிறது
கூடவே போட்ட சீட்டின்மேல்.
நாங்குநேரி வருவதற்குள் எழுத்து கரைந்துவிடுமா
என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.
கரையாத மை.
ஆய்வகத்துக்கு அந்தப் பேனாவைச் சிபாரிசு செய்ததும் நான்தான்.