ஐந்நூற்றுப் பன்னிரண்டு

நேற்று வந்த போர்டிடம்
டிஸ்கின் செக்டர் அளவைக் கேட்டால்
ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுபத்திரண்டு என்கிறது.
பொய்யில்லை.
ஐந்நூற்றுப் பன்னிரண்டைத்தான் சொல்கிறது,
பைட்டுகளை அந்தக் கோடியிலிருந்து படித்து.

ஆறு வருடம் ஓடிய டிரைவர்.
ஒரே வகைச் சிப்பில் பிறந்து அதிலேயே வளர்ந்து
உலகமே இப்படித்தான் என்று நம்பிவிட்ட நிரல்.
எழுதிய ஜெசிந்தா வேலையை விட்டுப் போகிற அன்று
"கை வைக்காதே, ஓடும்" என்றாள்.
நான் கை வைக்கவில்லை,
ஓடியது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் செக்டர்கள் உண்டு.
எங்கள் ஆபீஸ் நாலாவதில், டயர் கடைக்கு மேல்.
உறையில் எழுதும்போது கதவு எண்ணில் தொடங்கி
கிராஸ், மெயின், செக்டர், கடைசியாகத்தான் பெங்களூரு.
அதே வரிசையில் ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்,
பாதியில் கையை உயர்த்துவார்:
"ஏரியா யாவுது மேடம், அத முதல்ல சொல்லுங்க."
தபால்காரருக்கும் அவருக்கும் சண்டை கிடையாது.
ஒரே வாசலுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

முதல் மூன்று மணி நேரம்
கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் திருப்பிப் போட்டேன்.
ஓரிடத்தில் திருப்பியதையே மறுபடி திருப்பி
பழைய தப்புக்கே திரும்பி வந்தேன்.
பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு
பால் வாங்கக் கீழே இறங்கினேன்.

கடையில் அது ஹாலு.
படியேறி வந்தபின் பால்.
எல்லையில் ஒரே ஒரு முறை மாறுகிறது எழுத்து,
டீ கொதிக்கையில் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.
டிஸ்கிலிருந்து எண் உள்ளே வருமிடத்தில் ஒரு சின்ன ஃபங்ஷன்,
வெளியே போகுமிடத்தில் இன்னொன்று.
நடுவில் நாலாயிரம் வரிகளுக்கு
எந்தச் சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே தெரியாது,
தெரியவும் வேண்டாம்.

அளவு சரியாகிவிட்டது.
எழுதியதைப் படித்தால் மட்டும் குப்பை,
அதுவும் எப்போதாவது, இருபது தடவைக்கு ஒன்று.

ரேணுகப்பா அனலைசரின் வயர்களை மாட்டி
நெடுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார்.
"நீ பெல் அடிச்சிட்ட," என்றார், "ஊட்டா இன்னும் வரல்ல."

புரிந்தது.
போன வாரம் பிரியாணி இப்படித்தான்.
டெலிவர் ஆகிவிட்டது என்று செய்தி வந்து நிற்க
பொட்டலம் சில்க் போர்டு சிக்னலில் நின்றது.
பழைய சிப் சொன்ன வரிசையில் செய்யும்.
இது தனக்குச் சுலபமானதை முதலில் செய்யும்:
டிஸ்குக்கு மணியடித்துவிட்டு
நிதானமாகத் தகவலைக் கொண்டுபோய் வைக்கும்.

மணிக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன்.
முன்பு எழுதியதெல்லாம் போய்ச் சேரும்வரை நில்.
பழைய போர்டில் அந்த வரிக்கு வேலையே இல்லை,
கம்பைலர் அதைத் தடமில்லாமல் விழுங்கிவிடும்.
வெட்டி வரி என்று நினைத்து நாளைக்கு யாரும் அழித்துவிடாதிருக்க
மேலே ஒரு கமென்ட் எழுதினேன்.
"கை வைக்காதே" என்று தொடங்கி, அழித்து,
காரணத்தை எழுதினேன். நாலு வரி ஆயிற்று.

டயர் கடை ஷட்டர் இறங்கும் சத்தம்.
இரண்டு போர்டும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்கின்றன.

மூன்றாவது போர்டு, வேறு வகைச் சிப்,
கூரியரில் வருகிறதாம்.
டெலிவர் ஆகிவிட்டது என்கிறது போன்.
வாசலில் ஒன்றுமில்லை.