சொட்டு

லியேபாயாவில் காற்று
கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு உள்ளே வருவதில்லை.
ஜன்னல் இடுக்கில் பழைய காலுறையைத் திணித்துவிட்டு
மேசைக்கு வருகிறேன்.
பால் கறக்கும் இயந்திரமொன்றின் கையேடு,
ஜெர்மனிலிருந்து லாட்விய மொழிக்கு,
எண்பத்தாறு பக்கம்.
வெள்ளிக்கிழமை கெடு.
இன்று செவ்வாய். பக்கம் நாற்பது.

ரீகாவிலிருந்து தங்கை இனாரா
புத்திமதி அனுப்பியிருக்கிறாள்:
கஷ்டமானதை முதலில் முடி.
கைபேசியைக் கண்ணில் படாத இடத்தில் வை.
இரண்டு நிமிட வேலையை அப்போதே செய்துவிடு.
அவளுக்கென்ன,
அவள் தள்ளிப்போடுவதைச் செய்ய
அலுவலகத்தில் ஆறு பேர்.

ஆனாலும் கைபேசியை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தேன்.
கறுப்பு ரொட்டியின் முதுகில் ஒருமுறை அதிர்ந்து
துகள் உதிர்த்து அடங்கியது.
பட்டியல் எழுதினேன், பதினாலு வரி.
எழுதிய களைப்புக்கு ஒரு காபி.
பிறகு பதினொன்றை அடித்தேன்.
மிஞ்சிய மூன்றில் கடைசி:
சமையலறைக் குழாய்.

ஏழு மாதமாக இல்லாத பட்டியல் இல்லை.
ஒரு தாளிலிருந்து மறு தாளுக்கு
வாடகை கட்டாத குடும்பம்போல
என் கையெழுத்திலேயே
மூட்டை முடிச்சோடு மாறிக்கொண்டிருக்கிறது.

சொட்டு.
சொட்டு.
அடியில் நீல எனாமல் பானை.
நிறைந்தால் சத்தம் மாறும்; எழுந்திருப்பேன்.
ஜெரேனியத்துக்கு ஊற்றுவேன்.
எதிர்க் கூரையில் அந்த ஒற்றைக்கால் கடற்பறவை
இருக்கிறதா என்று பார்ப்பேன்.
இடுப்பில் கைவைத்துக் கொஞ்சம் வளைவேன்.
அடுத்த வாக்கியத்துக்கான வினைச்சொல்
பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்,
பானையை மறுபடி வைக்கும்போது.
இதையெல்லாம் இடைஞ்சல் என்றுதான்
இத்தனை நாள் திட்டிவந்தேன்.

புதன் காலை
வில்னிஸ் கடையில் வாஷர் வாங்கினேன், முப்பது சென்ட்.
என் விரலிடுக்கிலிருந்த பழையதைப் பார்த்து
"இதையா இவ்வளவு நாள்?" என்றார்.
பதில் சொல்லவில்லை.
வேலை பதினோரு நிமிடம்.
அதில் ஒன்பது, ஸ்பேனரைத் தேடியது.

குழாய் வாயை மூடிக்கொண்டது.
பட்டியலில் கோடு போட்டேன்,
தாள் கிழியும் அளவுக்கு.

பிறகு உட்கார்ந்தேன்.
உட்கார்ந்தேன் என்றால்
மூன்றரை மணிக்கு வெளியே இருட்டியது தெரியாமல்
விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
"உறிஞ்சு குவளையை மடியில் பொருத்துமுன்"
என்ற வரியை ஐந்து முறை படித்தேன்.
ஐந்து முறையும் மாடு நகர்ந்துவிட்டது.
கழுத்து மரத்துப்போயிருந்தது.
ஜெரேனியம் ஓர் இலையைக் கீழே போட்டது,
நினைவூட்டும் தோரணையில்.
அன்றைக்குத் தேறியது நான்கு பக்கம்.
அவற்றில் ஒன்று வெறும் படம்.

சிறு துளி பெருவெள்ளமாகும் என்கிறார்கள்.
ஆகட்டும்.
எனக்கு அது பெருவெள்ளமாக வேண்டாம்,
ஒரு பானையானால் போதும்.

வியாழன் ஏழு மணிக்கு
பல் துலக்கிய வாயோடு போய்
குழாயை ஒரு முடியளவு திருப்பினேன்.
கொஞ்சம் அதிகம்; ஒழுகியது.
பின்னுக்கு.
அதற்கும் பின்னுக்கு.

சொட்டு.

பால் இயந்திரம் ஓடத் தொடங்கியது.
பதினெட்டுப் பானையில் இருபது பக்கம்.
மிச்சத்தை வெள்ளிக்கிழமை முடித்தேன்;
என் வெள்ளிக்கிழமை
சனி விடிகாலை நான்கு வரை நீளும்.

ரொட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த கைபேசியில்
சீரக வாசனை.
இனாரா கேட்டாள்,
"அந்தக் குழாயாவது சரிசெய்தாயா?"
"செய்துவிட்டேன்" என்றேன்.
சொன்னது பொய்யில்லை.
பேச்சு முடியும்வரை
பானைக்குள் ஒரு துணியைப் போட்டுவைத்தேன்,
சத்தம் கேட்காமலிருக்க.